சுறாவ காட்டாத படம்

டேய் கண்ணா, சாப்டியா? மூணு நாளா ப்ளூ டிக் மட்டும் வருது, வேலை இருக்கும், தெரியும், அதுக்காக எழுதல. நேத்து ராத்திரி டிவில ஒரு பேய்ப்படம், தனியா உக்காந்து முழுசா பாத்தேன், பயமே வரல. பத்தே நிமிஷத்துல வெள்ளப் புடவையோட பேய் முன்னாடி வந்து நின்னுடுச்சு, மூஞ்சிய பாத்தாச்சுல்ல, அப்புறம் என்ன பயம். நீ காலேஜ் படிக்கும்போது எலியட்ஸ் பீச்ல சுண்டல் தின்னுகிட்டே சொன்னியே, 1975ல வந்த ஜாஸ் படத்துக்கு செஞ்ச மிஷின் சுறா உப்புத்தண்ணில ரிப்பேர் ஆகிட்டே இருந்துச்சு, அதனால டைரக்டர் ஸ்பீல்பெர்க் ஒரு மணி நேரத்துக்கு மேல சுறாவ முழுசா காட்டாம மியூசிக்க வச்சே நடுங்க வச்சாருன்னு. எவ்ளோ அழகா சொல்லுவ நீ. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி கிட்ட இப்பவும் பெருமையா சொல்லுவேன். நேரத்துக்கு சாப்பிடுப்பா.

2009ல யாவரும் நலம் பாத்தோமே, மாதவன் ஏறினா மட்டும் லிஃப்ட் ஓடாது, அவர் வீட்ல நடக்கறது அப்படியே சீரியல்ல வரும். சுடுகாடு இல்ல, பாழடைஞ்ச பங்களா இல்ல, நம்மள மாதிரியே ஃப்ளாட்டு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் படி ஏறித்தான் வந்தேன். தெரிஞ்ச எடத்துல ஒண்ணே ஒண்ணு மாறியிருந்தா அதான் வயித்த பெசையுது. ஞாயித்துக்கெழம உன் குரல் அப்படித்தான் இருந்துச்சு. சரி அத விடு. தெனம் வெளில வாங்கித் திங்காத, ஒரு ரசம் சாதமாவது வை.

பையனுக்கு ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சன இல்லையேன்னு சித்தி கேட்டா, இல்லன்னுட்டேன். எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்த டைப் பண்ண முடியலையாடா உன்னால? ராத்திரி முழுக்க நானே ஒவ்வொண்ணா நெனச்சுக்கறேன், வேலை போச்சோ, ஒடம்பு சரியில்லையோன்னு.

ஆனா இப்படி சொல்லாம மறைக்கறத உனக்கு கத்துக்குடுத்தது நான்தான். அப்பாவ ஐசியூல சேத்தப்போ உனக்கு ஒம்போது வயசு. ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லி 12 நாள் சித்தி வீட்ல விட்டேன். அங்க வந்தாலும் கதவ சாத்திக்கிட்டுத்தான் பேசுவோம், நீ வெளிய தரையில உக்காந்திருந்தியாம். அப்பா வீட்டுக்கு வந்தன்னிக்கு கிட்டயே போகாம பீரோ பின்னாடி நின்ன. செத்துட்டாருன்னே நெனச்சிருக்க நீ. உன்ன காப்பாத்தறேன்னு நெனச்சேன்டா. அந்தக் கதவுக்கு வெளிய என்னென்ன நெனச்சன்னு ஒரு நாள் கூட நான் கேட்டதில்ல. தப்பு என்னுதுதான்.

என்னவா இருந்தாலும் சொல்லு. எத்தன மணி ஆனாலும் போன் பண்ணு, முழிச்சுதான் இருப்பேன்.

அம்மா