சோலைவரி, கரப்பந்து, ராத்திரிச் சண்டை

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம், ராத்திரி இஞ்ச நடந்த சண்டைய விடிய எழும்பித்தான் பாத்தனான், சோலைவரி, அதுதான் வீடு வளவுக்கு உள்ளூராட்சி சபைக்குக் கட்டுற வரி, கட்டுறதோ வேண்டாமோ எண்டு தொடங்கி கடைசியில ஆற்ற அப்பா எந்தக் கட்சி எண்டதில போய் நிண்டிருக்கு. ரெண்டு வொய்ஸ் அழிச்சிட்டன், கோவிக்காதேங்கோ.

விசயம் இதுதான். வருசக் காச முழுசா ஜனவரி 31க்குள்ள கட்டினா 10 வீதம் கழிவு, காலாண்டுக் கணக்கெண்டா அந்தந்தக் காலாண்டின்ர முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம். வாய்க்கால் துப்பரவாக்கேல்ல எண்டுறது உண்மைதான், எங்கட ஒழுங்கை லைட்டும் மாரி துவங்கினதில இருந்து செத்துத்தான் கிடக்கு, ஆனா ரசீதோட போய்க் கேக்கிறதுக்கும் வெறுங்கையோட போய்க் கேக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குதானே. வரி கட்டாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்ல, 2024 ஜனவரியில வற் (VAT, சாமான் விலையோட சேர்த்து எடுக்கிற வரி) 18 வீதமாக்கினதில இருந்து சின்னப்பிள்ளை சோடா வாங்கினாலும் கட்டுது. 2025 மே 6 வோட்டுப் போட்டுத்தானே சபைக்கு ஆக்களை அனுப்பினனாங்கள், வட்டார மெம்பரைக் கிளிநொச்சிச் சந்தைக்க கண்டா மறிச்சுக் கேளுங்கோ, இஞ்ச டைப் பண்ணி என்னத்துக்கு, அவர் இந்தக் குழுவிலயே இல்ல.

மற்றது கரப்பந்து. நெற் கிழிஞ்சு போச்சு. பேருக்குத்தான் இலங்கையின்ர தேசிய விளையாட்டு, கிரிக்கெட் மட்ச் எண்டா மட்டும் எல்லாரும் ஒன்லைன். ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு கிரவுண்டுக்கு வாங்கோ, மண்வெட்டி இருக்கிறாக்கள் கொண்டு வாங்கோ, தண்ணி நிக்கிற மூலைக்கு கிரவல் போடோணும். டிராக்டருக்கு நான் கதைச்சிட்டன், டீசல் காசு மட்டும் குடுக்கோணும்.