டாக்டரம்மாவுக்கு, பாம்பனிலிருந்து

அன்புள்ள டாக்டரம்மா,

நீங்கள் தேர்தலில் நிற்கப்போவதாக மீன் ஏலம் போடுகிற இடத்தில் பேச்சு அடிபட்டபோது நான் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டரைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் போட்டுச் சிரிக்கிறீர்கள். கிளினிக்கில் ஒருநாளும் உங்களைக் கோட்டில் பார்த்ததில்லை. சரி, கட்சிக்காரர்கள் வேலையாக இருக்கும்.

என் அம்மாவை நினைவிருக்கும். பாசி எடுக்கிறவர். பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பிய்க்க வேண்டும். விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார். அப்படியும் கிழியும். போன வருடம் அந்தத் துணியை நீங்களே பிரித்து, ஊறி வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்கள். “பதினைந்து நாள் கடல் தண்ணியில் இறங்கக் கூடாது” என்றீர்கள். அப்புறம், சிறுநீரகக் கல்லுக்கு, “தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்.” வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா முணுமுணுத்தார்: “இறங்காதேங்குற தண்ணிதான் சோறு போடுது. குடிங்குற தண்ணி குடம் பத்து ரூவா.”

உங்கள் காதில் விழாமல் போனது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த இரண்டு தண்ணிக்கும் மருந்துக்கடையில் சரக்கு இல்லை. பொதுச் சுகாதாரமும் குடிநீரும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலச் சட்டசபை சட்டம் போடுகிற விஷயங்களில், இருக்கின்றன. ஆகவே நீங்கள் கோட்டைக்குப் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய், எந்த மருந்துச் சீட்டாலும் தீராத தேவதாசி முறையைக் கையில் எடுத்தார். 1930-இல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்கு அவரிடம் அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

நம் ஏர்வாடியையே பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எழுதியது 2017-இல். நடுவில் பதினாறு வருடம்.

ஆனால் ஒன்று. இலவச மருத்துவ முகாம் என்று நோட்டீஸ் அடித்து, பிரஷர் பார்த்து, நாலு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அதற்கு எம்எல்ஏ வேண்டாம், இப்போதே நீங்கள் செய்வதுதான். சட்டசபையில் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து எங்கள் குடத்தின் விலையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு. அம்மாவுடையதை மட்டும் அவரே முடிவு செய்வார்.

திங்கட்கிழமை அவரை மறுபடி காட்ட வேண்டும். பிரசாரம் தொடங்கினால் கிளினிக்கில் யார் உட்காருவார் என்று கம்பவுண்டர் அண்ணனிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லையாம். டோக்கன் போடச் சொல்லட்டுமா?

இப்படிக்கு,
பாசிக்காரம்மா மகன்