கப்பல்ல ஏறின நாளும் எங்கட பாதையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மட்டக்களப்பு கல்லடியில இருக்கிற ஒரு ரிட்டையரான டீச்சர். மெல்பேர்ன்ல இருக்கிற மகளிட்டப் போயிருந்த நேரம் அவள் எங்களையெல்லாம் டிஸ்னி வொண்டர் எண்ட கப்பல்ல ஏத்தினவள், ஊருக்கு வந்தாப்பிறகு பயணக் கட்டுரை எழுதுங்க டீச்சர் எண்டு எல்லாரும் ஒரே கரைச்சல். நான் எழுத வந்தது வாவியில ஆக்களை ஏத்தி இறக்கிற எங்கட பாதையைப் பற்றி, ஆனா கப்பல்ல ஏறின அந்த முதல் நாளைச் சொல்லாம அது விளங்காது, கொஞ்சம் பொறுத்து வாசிங்க.

சுனாமிக்குப் பிறகு கடல் எண்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். பக்கத்தில நாவலடியில எத்தினை வீட்டில விளக்கு வைக்க ஆளில்லாமப் போச்சுது எண்டு பாத்த ஆள் நான். அதால மாட்டன் எண்டுதான் நிண்டன், பேத்தி அழுதாள், போனன்.

ஸ்டேஷன் பியர் எண்ட துறையிலதான் ஏறினது, டிராமுக்குக் கடைசித் தரிப்பும் அதுக்குப் பக்கத்திலதான், முந்திக் கப்பல்ல வந்து குடியேறின வெள்ளைக்காரச் சனமெல்லாம் இறங்கின இடமாம். நினைச்ச நேரம் போய் ஏறேலாது, எத்தினை மணிக்குத் துறைக்கு வாறம் எண்டு முதலே ஒன்லைன்ல பதியவேணும். பெரிய சூட்கேஸுகளை வாசல்லயே வாங்கிப்போடுவாங்க, அது அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும், அதால குளிக்கிற உடுப்பையும் மருந்தையும் கைப்பையில வையுங்க எண்டு மகள் பத்துத்தரம் சொன்னவள். நான் பிரஷர் குளிசையைப் பெரிய பெட்டிக்குள்ள போட்டிட்டன். அண்டு முழுக்க அதுக்குப் பேச்சு வாங்கினதுதான்.

உள்ளுக்குக் கால் வைக்கிற இடத்தில ஒரு பொடியன் மைக்கோட நிண்டு ஒவ்வொரு குடும்பத்தையும் பேர் சொல்லி வரவேற்கிறான், வேலை செய்யிற ஆக்கள் கைதட்டுறாங்க. குடும்பப் பேர் என்ன எண்டு கேக்க மருமகன் பாஸ்போட்டில இருக்கிறதைச் சொன்னார், எங்கட ஆக்களுக்கு ஏது குடும்பப் பேர், அது அவர்ட அப்பாட பேர், மனிசன் செத்துப் பதினொரு வருசம். சம்மந்திட பேரை அந்தக் கப்பல்ல சத்தமாக் கூப்பிட்டுக் கைதட்டினதும் மருமகன்ட கண் கலங்கிப் போச்சு, நான் அங்கால கிறுகி நிண்டிட்டன்.

சாப்பாடு பற்றி எழுத வெளிக்கிட்டா பேப்பர் காணாது, விடுவம். மேல் தட்டில நிக்கேக்க பேத்தி உயிர்காப்புப் படகுகளைக் காட்டி ஏன் மஞ்சள் எண்டு கேட்டாள். வழமையா அதெல்லாம் செம்மஞ்சள் நிறம்தானாம், மிக்கியிட சப்பாத்து நிறத்தில அடிக்கிறதுக்கு அமெரிக்கக் கடலோரக் காவற்படையிட்ட தனியா அனுமதி எடுத்தவங்களாம். விளையாட்டுக் கப்பல்லயும் படகுக்குப் பெயின்ற் அடிக்க ஒராளிட்டக் கேக்கவேணும், பாருங்க.

மறுகாத்தான் விசயம், ஆபத்து வந்தா எங்க போய் நிக்கிற எண்டு பழக்கிற பயிற்சி. கப்பல் வெளிக்கிட முந்தி நீச்சல் குளம், கடை, சாப்பாடு எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டாங்க. ஊதுகுழல் ஏழு தரம் குட்டையா ஒருதரம் நீட்டா ஊத, எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போகவேணும். என்ட கார்ட்டில ஜே எண்டு ஒரு எழுத்து, அதுதான் நான் நிக்கவேண்டிய இடம். கைப்பிள்ளைக்காரி, வீல்செயார்ல வந்த கிழவர், ஐஸ்கிறீம் வடியிற கையோட புள்ளையள், எல்லாரும் நிக்குதுகள். ஒவ்வொரு கார்ட்டா மெசினால தட்டிப் பாத்தாங்க, எங்கட இடத்துக்கு ஒரு குடும்பம் வந்து சேரேல்ல, அவங்க வருமட்டும் நாங்க அத்தினை பேரும் காத்திருந்த. அவ்வளவு பேர் நிண்டும் ஒருத்தரும் முணுமுணுக்கேல்ல, எனக்குத்தான் கால் உளைஞ்சது. ஒராள் உயிர்காப்பு ஜக்கெட்டைப் போட்டு எங்க விசில், எங்க லைற், எப்பிடிப் பட்டியை இறுக்கிற எண்டு காட்டினார். ராவு படுக்கேக்க பேத்தி அம்மம்மா உங்கட இடம் எங்க எண்டு கேட்டாள், எழுத்தைச் சொன்னன், போற வழியைச் சொல்லத் தெரியேல்ல, நாலு வயசுக்காரி சொல்லித் தந்தாள்.

மருமகன் சொன்னார், 1912இல டைட்டானிக் தாண்டதாலதான் 1914இல உலக நாடுகள் கூடிக் கப்பல் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் எழுதினவங்களாம். ஆனா பிறகு வந்த விதியிலயும் ஓட்டை, ஏறி ஒரு நாளைக்குள்ள பயிற்சி குடுத்தாச் சரி எண்டு இருந்ததாம். 2012 ஜனவரியில கொஸ்ரா கொன்கோர்டியா எண்ட கப்பல் இத்தாலியில பாறையில மோதி 32 பேர் செத்த நேரம், அண்டு பின்னேரம் ஏறின நூற்றுக்கணக்கான ஆக்களுக்குப் பயிற்சியே நடக்கேல்லயாம். அதுக்குப் பிறகுதான் வெளிக்கிட முந்தி, இல்லாட்டி வெளிக்கிட்ட உடனேயே எண்டு சட்டத்தை மாத்தினவங்க, அது 2015இல இருந்துதான் நடைமுறைக்கு வந்தது.

இனி எங்கட கதைக்கு வாறன். வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன், பாதை எண்டா றோட்டு எண்டு நினைக்கப்படாது, வாவியில ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்தி இறக்கிற தட்டை மிதவையைத்தான் நாங்க அப்பிடிச் சொல்லுற. மண்முனையில 2014இல பாலம் வந்திட்டுது, ஆனா வாவிக்குக் கிழக்கால இருக்கிற எழுவான்கரையில இருந்து மேற்கால படுவான்கரைக்குப் போறதுக்கு இண்டைக்கும் பாதையை நம்பியிருக்கிற இடங்கள் இருக்கு. போன மாசம் அக்காட வீட்டு அலுவலா ஒரு துறையால போனன், எந்தத் துறை எண்டு எழுதேல்ல, அதில வேலை செய்யிற பொடியன்மாருக்குச் சிக்கல் வரப்படாது, அவங்களில பிழை இல்ல. பள்ளிக்கூடம் விட்ட நேரம். வெள்ளைச் சட்டையோட ஒரு இருபது புள்ளையள், ஏழெட்டு மோட்டச்சைக்கிள், ரெண்டு மூட்டை உமி, ஒரு ஆட்டுக்குட்டி. விளிம்பில கம்பி ஒரு பக்கம்தான். ஒரு சின்னவன் மற்றப் பக்கத்தில குந்தியிருந்து தண்ணிக்குள்ள காலை விட்டு அளையிறான், நான் சட்டையில பிடிச்சுக்கொண்டே அக்கரை மட்டும் போனன்.

திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில 2021 நவம்பர் 23ஆம் திகதி என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் மறந்திருக்க மாட்டீங்க. அங்கயும் பாலம் கட்டி முடியுமட்டும் எண்டுதான் அந்தப் பாதை ஓடினது. பள்ளிக்கூடத்துக்கு எண்டு வெளிக்கிட்ட புள்ளையள் அது கவிண்டு செத்துப் போச்சுதுகள்.

பொறுப்பான ஆக்கள் இதை வாசிச்சா நான் பாலம் கேக்கேல்ல, அது வாற நேரம் வரட்டும். சின்னப் புள்ளையளிட அளவில ஜக்கெட் வேணும், பெரிய ஆக்களிட ஜக்கெட்டைக் கட்டினா புள்ள தண்ணிக்குள்ள விழ அது தலையால கழண்டு வரும். மற்றது, பாதையால வாற புள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடங்களில தவணை தொடங்கிற அண்டு அஞ்சு நிமிசம், எங்க நிக்கிற, எதைப் பிடிக்கிற எண்டு காட்டுங்க, நாலு வயசுக்காரிக்கே விளங்கினது.

ஜக்கெட் இல்லவே இல்ல எண்டும் இல்ல ஐயா. அக்கரையில இறங்கிக் கேட்டன். துறையில தகரப் பெட்டி ஒண்டைக் காட்டினாங்க, இடுக்கால பாத்தா உள்ளுக்கு அடுக்கி வைச்சிருக்கு, பொலித்தீன்கூடப் பிரிக்கேல்ல. பூட்டுப் போட்டிருந்தது. திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டன், அவர் லீவு எண்டாங்க.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு அம்மம்மா