‘வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

சிங்கப்பூர் தேக்காப் பக்கத்துப் பழைய கடைவீட்டை இடிக்காமல் நிமிர்த்தக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

திறப்பு நாளன்று உங்களில் பாதிப் பேர் வேறு வேலைத்தளங்களில் இருந்தீர்கள். வந்தவர்களும் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் வேலையை வைத்தே அடையாளம் சொல்கிறோம். யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும். பழைய கட்டடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பிறருக்கும் உதவட்டும் என்று அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி பொறியாளர் அம்மாவுக்கு. “முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடலாமே” என்று கேட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா வட்டாரம் 1989 ஜூலையில் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. இதுபோன்ற வரலாற்று வட்டாரங்களில் முகப்பைக் காத்தால் போதாது. பொதுச்சுவர், மர உத்திரம், நடுமுற்றம், மாடிப்படி, ஓட்டுக்கூரை எல்லாமே கணக்கில் வரும் என்பதை அவர்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இருப்பதை இயன்றவரை வைத்துக்கொள்வது, இழந்ததை அதன் இயல்பு கெடாமல் மீட்பது, பழுதைக் கவனமாகச் சரிசெய்வது, இந்த மூன்றும்தான் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. அதைவிட, “சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே பூசியதுதான் கெட்டது” என்று அவர் சொன்னதுதான் எங்கள் கண்ணைத் திறந்தது.

நம் சுவர் ஒன்பது அங்குலக் கனம். மென்மையான பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அடியில் ஓதத்தடுப்பு, அதாவது நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு, எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட சுவர் நிலத்து ஈரத்தை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் முழங்கால், தொடை உயரத்திலேயே காற்றோடு போய்க்கொண்டிருந்தது. பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசினார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் ஐந்தடிக்கு மேல் ஏறியது. கூடவே வந்த உப்பு, சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகி விரிந்து, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கியது. ஓதம் தெரிந்தால் இன்னும் கனமாகச் சிமெண்ட் பூசுவது நம் ஊரில் வழக்கம். ஓதம் இன்னும் ஓரடி ஏறும், அவ்வளவுதான் பலன்.

அந்தச் சிமெண்டைக் கொத்தியெடுத்த தம்பிகளுக்கும் பங்ளாதேஷ் நண்பர்களுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மின்சுத்தியல் கொண்டு வந்தால் மூன்று நாள் வேலை. உளியும் சுத்தியலுமாக மூன்று வாரம் எடுத்தது. மின்சுத்தியலின் அதிர்வில் பழைய சாந்து தளர்ந்துவிடும், சிமெண்ட் தனியாக வராமல் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். நீங்கள் உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓதக் கறைக்கு மேலே ஓரடி வரை உரித்தீர்கள். இணைப்புகளில் உதிர்ந்த சாந்தை 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூரிகையால் துடைத்துவிட்டீர்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம் என்ற யோசனைக்கு உங்களில் மூத்தவர் கையை ஆட்டி மறுத்ததும் சரிதான். உலரவேண்டிய சுவருக்கு எதற்கு இன்னும் தண்ணீர்?

ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் பாதிக் காலம் போதும். ஆனால் பொதுச்சுவரில் அடுத்த பக்கம் நம்முடையது அல்லவே. இங்கேதான் பக்கத்துக் கடை ஆன்ட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். அலமாரிகளை நகர்த்தி, தம் பக்கத்துச் சிமெண்டையும் உரிக்க விட்டார். தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ஓதக் கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு கிழித்து, அதன் பக்கத்தில் தேதி எழுதத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு. ஐந்து மாதத்தில் பத்துக் கோடுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்குச் சற்றுக் கீழே. ஈரமானியைவிட அந்தக் கோடுகளைத்தான் நாங்கள் நம்பினோம். உப்பு நிறைந்த சுவரில் ஈரமானி எப்போதும் கூடுதலாகவே காட்டும் என்பதும் ஒரு காரணம்.

தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில், சாந்து வரியில் 120 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு ஓதத்தடுப்புக் களிம்பு ஏற்றினோம். துளை எதிர்ப்பக்கம் வரை போய்விடக் கூடாது. 40 மில்லிமீட்டர் மிச்சம் வைக்க வேண்டும். செங்கல்லில் துளையிட்டால் களிம்பு சரியாகப் பரவாது, சாந்தில்தான் இட வேண்டும். உப்புக்கு வேறு மருந்து. காகிதக் கூழைச் சுத்தமான நீரில் பிசைந்து, விரல் கனத்துக்குச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுப்பது. ஈரம் கூழுக்குள் வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மூன்று முறை செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தமிழ் முரசுத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஊறவைத்த தொண்டூழியப் பிள்ளைகளே, உங்கள் கைகளில் அச்சு மை போக எத்தனை நாளானது என்று கேட்க மறந்துவிட்டோம்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற கொத்தனார் ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும். “மணலை அளக்காமல் சாந்து குழைக்க வேண்டாம்” என்றீர்கள். ஒரு குவளையில் உலர்ந்த மணலைத் தலைதட்ட நிரப்பி, அது நீரைக் குடித்து நிறையும்வரை அளந்து ஊற்றச் சொன்னீர்கள். குவளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர் உள்ளே போனது. மணல்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம். அதை நிரப்பத்தான் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்ததற்கு அன்றுதான் காரணம் புரிந்தது. ஒரே அளவுள்ள பொடிமணல் என்றால் வெற்றிடம் கூடும், சுண்ணாம்பும் கூடுதலாகப் பிடிக்கும், பூச்சும் வெடிக்கும். பருமணலும் பொடிமணலும் கலந்த, கழுவிய மணல்தான் வேண்டும்.

முதல் பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டர், இரண்டாவது 8, கடைசி மெல்லிய பூச்சு 3. அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டதா என்பதற்கு ஐயா சொன்ன சோதனை: நகம் பதிய வேண்டும், விரல் பதியக் கூடாது. சிமெண்ட் போலச் சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து இறுகுவதில்லை; காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதனால் அவசரமும் ஆகாது, அசட்டையும் ஆகாது. மாடி முன்னறையில் யாரோ மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டார்கள். இரண்டே நாளில் பூச்சு காய்ந்து சிலந்திவலை போல விரிசல் விட்டது. அவ்வளவையும் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதாயிற்று. பின்கட்டில் நேர்மாறு. சாரல் அடித்து நனைந்துகொண்டே இருந்த இடத்தில் மூன்று வாரமாகியும் பூச்சு பிசுபிசுத்தது. துளைகளில் நீர் நிற்கும்போது காற்று எப்படி உள்ளே போகும்? தார்ப்பாய் கட்டி, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டதும் ஒரு வாரத்தில் இறுகியது.

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரை ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ஐயா சேர்க்க விட்டார். அளவு கூடினால் சாந்து இறுகவே இறுகாது என்று எச்சரித்தார். இந்த வித்தை சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1862-இல் அர்ச்சிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் கட்டிச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு, மெட்ராஸ் பூச்சாகப் பூசியவர்கள் இந்தியக் கைதிகள். அவர்களுக்கும் முன்னால், 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். இந்த ஊரின் சுவரில் நம்மவர் கை முதல் வரிசையிலேயே இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் போர்த்தியதுபோல் அக்ரிலிக் சாயம் பூசுவதற்கு மனம் வரவில்லை. உள்ளே பால்பதத்தில் ஐந்து முறை சுண்ணாம்பு வெள்ளை, வெளியே ஈரத்தை வெளிவிடும் சிலிகேட் சாயம்.

தச்சர் அண்ணனுக்கு வருவோம். மாடித் தரையைத் தாங்கும் உத்திரங்கள் செங்கல் நிறத்துக் கனத்த செங்கால் மரம். சுவருக்குள் செருகியிருந்த நுனிகள் மட்டும் இற்றிருந்தன. “முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டாம், நுனியைப் பார்ப்போம்” என்று ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். ஊசி நல்ல மரத்தில் நின்றுவிடும், இற்ற மரத்தில் வெண்ணெயில் போல இறங்கும். பதினெட்டு உத்திரங்களில் ஐந்துக்குத்தான் சிகிச்சை. ஜாக்கி வைத்துத் தாங்கிப் பிடித்து, இற்ற பகுதியை வெட்டி, அதே சாதிப் பழைய மரத்தில் புது நுனி கொடுத்து, பொறியாளர் அம்மா கணக்குப் போட்ட எஃகுத் தகட்டை இரு பக்கமும் வைத்து முடுக்கினார். மறுபடி சுவரில் செருகும்போது நுனியைச் சுற்றி 25 மில்லிமீட்டர் காற்றுவெளி விட்டார். முன்பு அந்தக் குழியைச் சிமெண்டால் அடைத்திருந்ததுதான் இற்றதற்கே காரணம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், பின்னாலேயே கரையான்.

கரையான் நிபுணர் தம்பியின் ‘வேண்டாம்’ எங்களுக்குச் செரிக்கக் கொஞ்சம் நாளானது. கரையான் கட்டிய மண்குழாயைப் பார்த்ததும் மருந்தடித்துத் தட்டிவிடத்தான் கை போகும். தட்டினால் கரையான் வேறு வழியில் போய்விடும், கூடு மட்டும் நலமாக இருக்கும். அவர் குழாயைக் கலைக்காமல் அதன்மேலேயே இரைப்பெட்டி பொருத்தினார். அந்த இரை, கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும். கொண்டுபோய்ப் பகிர்ந்து தின்று, கூடே அடங்கும். சில வாரங்கள் கண்முன்னால் கரையான் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சும்மா இருப்பது பெரிய தவம்.

பின்கட்டுத் தகட்டுக்கூரையில் கைவைக்கவிடாமல் தடுத்த பாதுகாப்பு அதிகாரிக்கும் நன்றி. 1991-க்கு முன் கட்டிய கட்டடமென்றால் புதுப்பிப்புக்கு முன்னால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆய்வு கட்டாயம். அந்த நெளிதகடு கல்நார்தான் என்று தெரிந்தது. உரிய ஒப்புதல் பெற்றவர்கள் உடைக்காமல், நனைத்து, உறையிட்டு எடுத்துப் போனார்கள். அன்று ஓர் ஆணி அடித்திருந்தாலும் அந்தத் தூளை எல்லாரும் சுவாசித்திருப்போம்.

ஓடு பிரித்தவர்கள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். பத்தில் ஏழு தேறியது. பழையவை முன்சரிவுக்கு, புதியவை பின்சரிவுக்கு. கலந்து போட்டால் நிறமும் ஒட்டாது, அளவும் ஒட்டாது, ஒழுகும்.

நடுமுற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாம் என்று நன்கொடையாளர் ஒருவர் அன்போடு முன்வந்தார். அதை மூடினால் சூடான காற்று மேலே போக வழியில்லை, உலர்த்திய சுவரும் மறுபடி வியர்க்கும் என்று சொன்னபோது, கோபப்படாமல் அதே தொகையை வடிகாலுக்கும், கூரை நீரை ஏந்தி வடிக்கும் செம்புப் பீலிக்கும் திருப்பிவிட்டார். அண்ணே, மழையில் அந்த முற்றத்தைப் பார்க்க ஒருநாள் வாருங்கள்.

குப்பை லாரி ஓட்டுநர்கள், ஐந்தடி நடைபாதையில் சாரம் நின்றபோது சுற்றிப்போன கடைக்காரர்கள், மதியம் மதியம் தயிர்சாதம் அனுப்பிய சாப்பாட்டுக்கடை அக்கா, எல்லாருக்கும் நன்றி.

டிசம்பர் மழைக்கு முன் பீலி சுத்தம் செய்ய ஆள் தேவை. வர விரும்புவோர் சொல்லியனுப்பவும். ஊறிய சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் மீந்திருக்கிறது. மேலே நீர் நிற்கும்வரை கெடாது. பழைய வீட்டு வேலை வைத்திருப்பவர்கள் பாத்திரத்தோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியும் கையுறையும் மறக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

இப்படிக்கு,
கடைவீட்டு மராமத்துக் குழுவினர்