தலையில் சூலம் வைத்த சிலை

சேலம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஊர் வந்து சேர்ந்து பதினெட்டு நாட்களாகியும் உன் அம்மாவுக்கு இன்னும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் பசிக்கிறது. எனக்கு உறக்கம் சரியாகிவிட்டது. தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இதை எழுதுகிறேன்.

நீ அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களைச் சிகாகோவின் வாஷிங்டன் தெருவுக்கு அழைத்துப் போன அன்று, ஸ்பெயின் நாட்டு ஓவியர் மிரோவின் சிலைக்கு முன்னால் நின்று பேரன், "தாத்தா, இது என்ன?" என்று கேட்டான். நான், "ஒன்றுமில்லை சாமி, வா போகலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போது வழி நெடுக சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்கு எட்டு வயதில் கோபம் வந்தாலும் அப்படித்தான் இருப்பாய் என்பது எனக்குத் தெரியாதா, கண்ணு?

நான் அப்படி நடந்துகொண்டதற்குக் காரணம், தெருவின் எதிர்ப்பக்கத்துச் சதுக்கத்தில் பிக்காசோவின் சிலையிலேயே என் மனம் முழுவதும் நின்றுவிட்டதுதான். 50 அடி உயரம், 162 டன் எடை, 1967-இல் திறந்துவைக்கப்பட்டது. அது பெண்ணின் முகமா, நாயின் முகமா என்று ஊரார் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் நான் பார்த்தது இரும்பை. செம்பு, குரோமியம், நிக்கல் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்து உருக்கிய கார்டென் எஃகு அது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அதன் மேல் படிகிற துரு, சாதாரண இரும்பில் போலப் பொருக்குப் பொருக்காக உதிராமல், இறுகி ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் எஃகுக்கே காவலாகிவிடுகிறது. பின்னால் நிற்கும் நீதிமன்றக் கட்டடத்துக்கும் அதே எஃகுதான் மேலாடை. நம் உருக்காலையில் துரு என்ற சொல்லையே காதில் வாங்க மாட்டோம். எங்கள் துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகப் படர்ந்து காக்கும். இங்கேயோ துருவே சட்டையாகிவிட்டது. ஒரு பற்றவைப்பின் ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். விரலில் ஒரு துகள்கூட வரவில்லை. இதைச் செய்தவர்கள் இந்தியானா மாநிலத்துக் கேரி என்ற உருக்காலை ஊர்க்காரர்கள் என்று கேட்டதும், சொந்தக்காரர் வீட்டு வேலையைப் பார்ப்பதைப் போல இருந்தது. பேரன் அதன் சாய்வான அடிப்பகுதியில் ஏழெட்டு முறை சறுக்கி விளையாடியதும் எனக்குச் சரியாகவே பட்டது.

அந்த மயக்கத்தோடு தெருவைக் கடந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, சற்று ஒதுங்கினாற்போல, சிமெண்டும் பீங்கானுமாக ஒன்று நிற்கிறது. உருக்காலைக்காரனுக்குச் சிமெண்டைக் கண்டால் ஓர் இளக்காரம். உன் அம்மாதான் அதன் முன் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதைப் போலத் தயங்கி, "ஏனுங்க, இது நம்ம அம்மன் மாதிரியே இருக்குதுங்க, தலையில சூலத்தைப் பாருங்க" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் உன் காதில் விழுந்திருக்கும்.

ஊருக்கு வந்தபின் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். மிரோ முதலில் அதற்கு இட்ட பெயர் 'சூரியனும் நிலவும் ஒரு விண்மீனும்'. இப்போது 'சிகாகோ' என்றே அழைக்கிறார்கள். மணியைப் போல விரிந்திருக்கும் கீழ்ப்பகுதி நம் கண்ணை மண்ணுக்கு இறக்கிக் கொண்டுவருவதற்கு. நடுவில் இருக்கும் உருண்டை நிலா. தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கவை விண்மீன், அதன் ஒவ்வொரு பல்லும் ஓர் ஒளிக்கதிர். மொத்தத்தில் அது மண்ணையே தாயாகக் காட்டும் ஒரு பெண்ணுருவம் என்கிறார்கள். உன் அம்மா ஒரு வரியும் படிக்காமல் அரை நிமிடத்தில் சொன்னது இதுதான். முகத்தின் வடிவம் ஒரு பீங்கான் கொக்கியிலிருந்து வந்ததாம். முப்பது ஆண்டு கிரேன் கொக்கிக்குக் கீழே நின்று வேலை பார்த்த எனக்கு அதில் ஒரு முகம் இருப்பது தெரியவில்லை.

1924-இல் ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் அறிக்கை எழுதித் தொடங்கிவைத்த சர்ரியலிசத்தோடு சேர்ந்து வளர்ந்தவர் மிரோ. விழித்திருக்கும் அறிவு போடுகிற சட்டதிட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கனவில் ஒரு பொருளோடு இன்னொன்று ஒட்டிக்கொள்வதைப் போல உருவங்களைத் தாமாக வரவிடுவது அவர்கள் வழி. பிக்காசோ சிலை எழுந்த காலத்திலேயே பேசப்பட்ட இந்தச் சிலை, பணம் கிடைக்காமல் பத்தாண்டுக்கும் மேல் காத்துக் கிடந்திருக்கிறது; 1979-இல் மேயர் ஜேன் பைர்ன், மீதியை மக்கள் திரட்டினால் பாதிச் செலவை நகரம் ஏற்கும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 1981 ஏப்ரலில்தான் திறந்தார்கள். நம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே 1981. திறந்த கொஞ்ச காலத்திலேயே ஓர் ஓவிய மாணவர் அதன் மேல் சிவப்புச் சாயத்தை வீசினாராம். இதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா, "அப்ப குங்கும அபிஷேகமும் ஆயிருச்சு" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தோம். யாளியின் வாய்க்குள் உருளும் கல் குண்டை நீ மறந்திருக்க மாட்டாய். விரலை விட்டால் சுழலும், வெளியே மட்டும் எடுக்க முடியாது. யாரோ ஒரு வீட்டுப் பையனை அவன் தாத்தா தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் குண்டை உருட்டிக்கொண்டே, "இது என்னங்க தாத்தா?" என்றான். அவர், "யாளி" என்றார். அவ்வளவுதான்; பையனும் அதோடு விட்டுவிட்டான். சிங்கமும் இல்லாத, குதிரையும் இல்லாத, எவர் கண்ணிலும் பட்டிராத ஒரு விலங்கு. உன்னைத் தூக்கிப் பிடித்து நானும் அதே தூணின் பக்கத்தில் அதே ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. பேரனுக்கு மட்டும் அதைக்கூடத் தராமல் வந்துவிட்டேன்.

ஆகவே அவனை மறுபடியும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போ. நிலா எங்கே, விண்மீன் எங்கே என்று அவனையே காட்டச் சொல். தாத்தா அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டார் என்றும் சொல். எனக்கு அதில் வெட்கமில்லை. போகிறபோது சிலையின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் அவசரப்படுத்தியதால் அந்தப் பக்கம் சுற்றி வரவே முடியவில்லை என்றும், பின்னால் சடை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றும் உன் அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் அப்பா