மஞ்சள் பை யார் தோளில்?

குன்னூர்,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதிக்குக் கோபம் வந்தது. கோபமாகப் பேசினால் போனை வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படித்து முடித்த பிறகுதானே கோபித்துக்கொள்ள முடியும்? இங்கே மூன்று நாளாக விடாத மழை. மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிற்கிறது. நம் போட்டோக் கடைக்கு ஆள் வரவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓட்டல்காரர். நாற்பது பதார்த்தங்களைப் படம் எடுத்துக் கொடு, பணம் கிடையாது, கீழே உன் பெயரைப் போடுகிறேன், நாலு பேர் பார்ப்பார்கள் என்றாராம். நீயும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாவு ஆட்டுகிறவருக்கும் சுவரில் பெயர் எழுதித்தான் சம்பளம் கொடுக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டாமா?

போட்டோகிராபராகச் சென்னைக்குப் போய் நாலு மாதம், காசு கொடுத்த வேலை இரண்டே இரண்டு என்றாய். சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ பிறந்தபோது கடை நடந்துகொண்டிருந்தது, அது என்றைக்கும் அப்படியே நடந்ததாக நினைத்துக்கொண்டாய்.

1987இல் விருதுநகரிலிருந்து இங்கே வந்து இறங்கினோம். ஒரு கேமரா, நெகட்டிவிலிருந்து பெரிதாக்கி அச்சுப் போடும் ஒரு என்லார்ஜர், என் இரண்டு வளையல்களை விற்ற பணம். மவுண்ட் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இடம் கிடைத்தது. ஊரில் ஏற்கெனவே பேர்பெற்ற ஸ்டூடியோக்கள் இருந்தன. இருபத்தேழு நாள் ஒருவரும் படியிறங்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஒருவர் வந்தார். ஐந்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டார்.

உன் அப்பாவுக்குச் சீசன் மேல்தான் கண். மே மாதம் ஊட்டியில் மலர்க் காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி, கீழ்நாட்டுக் கூட்டம் முழுதும் மலையேறி வரும், ஆளுக்கு ஒரு படம் எடுத்தால் போதும் என்பார். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்திலேயே இங்கிலாந்திலிருந்து வந்து ஊட்டியில் ஸ்டூடியோ நடத்திய ஆல்பர்ட் பென் என்பவரைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மனம் தளரும்போதெல்லாம் 'அவருக்கும் இது புது ஊர்தான்' என்பார். மதராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு வந்துவிடும் காலம் அது. பென் கேமராவுக்கு முன்னால் துரைமார்கள் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். அந்த மே மாதம் பூங்கா வாசலில் உன் அப்பா நின்ற இடத்தில் அவரைப்போல இன்னும் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஜூன் மழையில் கூட்டம் கலைந்தது. லென்ஸில் பூஞ்சணம் பிடித்ததுதான் மிச்சம்.

வழி கிடைத்தது மார்க்கெட்டில். கேரட் விற்றவளிடம் ஒரு எஸ்டேட் அம்மாள் புலம்பிக்கொண்டிருந்தாள். பி.எஃப். தாளில் ஒட்ட போட்டோ வேண்டுமாம். அதற்காக டவுனுக்கு வந்ததில் அரை நாள் கூலி போயிற்று, ஸ்டூடியோக்காரர் நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்கிறார், நாளைக்கு இன்னொரு அரை நாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் லைனில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், இன்னும் எத்தனை பேருக்குப் படம் வேண்டும் என்று கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். லைன் வீட்டுச் சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டியை ஆணி அடித்துக் கட்டினோம்; காற்றுக்குப் பறக்காமல் இரண்டு பையன்கள் நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். மூடுபனி இறங்கியிருந்ததால் விளக்கு, வெளிச்சத்தைப் பரப்பும் குடை எதுவும் தேவைப்படவில்லை, முகத்தில் நிழலே விழவில்லை. ஆண்களுக்கெல்லாம் ஒரே கோட்டு. கீழே லுங்கியும் மேலே கோட்டுமாக வரிசையில் நின்று ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டிக்கொண்டார். அன்று மட்டும் 61 பேர். ஊட்டி இந்து நகர் தொழிற்சாலையில் செய்த இந்து பிலிம்தான், கறுப்பு வெள்ளை. கழுவியது நான். பிலிம் கழுவும் மருந்து, டெவலப்பர், 20 டிகிரியில் இருக்க வேண்டும். இந்த ஊர்த் தண்ணீர் எங்கே இருபதுக்கு வரும்? வெந்நீர்ச் சட்டியில் தட்டை மிதக்கவிட்டு, விடிய விடியக் கழுவினேன்.

கொழுந்துக் கூடையின் பட்டை அழுத்தி அழுத்தி அந்தப் பெண்களின் நெற்றியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நெகட்டிவில் அது வெளுத்த கோடாகத் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அதன்மேல் புள்ளி புள்ளியாக வைத்தால் அச்சில் கோடு மறைந்துவிடும். எனக்கு அதில் நல்ல கை. எல்லா நெற்றிகளையும் வழவழப்பாக்கி அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பாட்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'என் கோடு எங்கே? ஆபீஸில் இது நான் இல்லை என்று சொல்லிவிட்டால்?' என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டாம் தடவை அச்சுப் போட்டுக் கொடுத்தேன், கோட்டோடு. அன்றிலிருந்து கேட்காமல் ஒருவர் முகத்திலும் பென்சில் வைத்ததில்லை. நீயும் அந்தக் கணினியில் எல்லோருக்கும் மாவு பூசுகிறாயே, கேட்டுவிட்டுச் செய்.

அந்த 61 பேர்தான் நம்முடைய கடை. அவர்கள் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் படம் என்று பத்து வருடம் ஓடியது. சீசனுக்கு வந்தவர்களில் ஒரு முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

சென்னையில் உன் லைன் வீடு எது? நீ இருக்கும் மயிலாப்பூர்த் தெருவிலேயே நாட்டியப் பள்ளி இருக்கிறது, சாயங்காலம் சலங்கைச் சத்தம் கேட்கிறது என்று நீதானே சொன்னாய்? அந்தப் பிள்ளைகளுக்கு அரங்கேற்றம் வரும். பெற்றோர் வருடக்கணக்கில் செலவு செய்து வருகிற நாள் அது; படத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒத்திகையை ஒரு நாள் எடு. நாலு படத்தைத் தாளில் அச்சுப் போட்டுக் கையில் கொடு. போனில் அனுப்பாதே, அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் புதைந்துவிடும். இது இலவசம் இல்லையா என்று கேட்பாய். நீயாகத் தேர்ந்து நாலு படம் கொடுப்பது வேறு, இன்னொருவர் நாற்பது கேட்டு வாங்கிக்கொள்வது வேறு. மேடை இருட்டுக்கு, தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 லென்ஸ் வேண்டும் என்றால் வாடகைக்கு எடு. கடன் வாங்கி வாங்காதே.

கல்யாண வேலைக்கு நேராகக் கல்யாண வீட்டைத் தேடாதே, உன்னை யாருக்குத் தெரியும்? பெரிய முகூர்த்த நாளில் எல்லாப் போட்டோகிராபர்களுக்கும் ஒரே நேரத்தில் ஆள் பற்றாக்குறை. பஞ்சாங்கத்தைப் பார்த்து, தை மாத முகூர்த்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, மூன்று வாரம் முன்னதாகவே அவர்களுக்குப் போன் செய். இரண்டாவது கேமராவாக வருகிறேன் என்று சொல். மார்கழியில் கல்யாணம் இல்லை, பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும். மணப்பெண் அறைக்குள் போவதற்கும் வளைகாப்புக்கும் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்கிற வீடுகள் நிறைய. அதைச் சொல்லியே வேலை கேள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இனி என் துறை. படம் எடுத்தது உன் அப்பா, காசு வாங்கியது நான். அவருக்கு வாய் வராது. 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்பார். அந்தப் 'பிறகு' நம் பீரோவின் கீழ்த்தட்டில் மூன்று ஆல்பங்களாக இன்னும் இருக்கிறது; அதில் ஒரு மாப்பிள்ளை இப்போது தாத்தா. முன்பணம் பாதி, அதுவும் தேதி குறிக்கும்போதே. மீதியில் பெரும்பங்கு கல்யாணத்தன்றே. மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, பணம் இருக்கும் மஞ்சள் பை யார் தோளில் தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள். பெண்ணின் அப்பாவிடம் இருக்காது, அவர் பதற்றத்தில் இருப்பார். தாய்மாமனிடமோ சித்தப்பாவிடமோ இருக்கும். தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்குகிற நேரம், அவர் ஒரு காபியோடு உட்காருவார். அப்போது போய்ச் சிரித்துக்கொண்டு நில். சாயங்காலம் என்றால் பை காலியாகிவிடும்.

எழுதி வாங்கிக்கொள்வதும் முக்கியம். ஒரு தேயிலை நிறுவனத்துக்கு அப்பா பத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். நாள்காட்டி, டப்பா, பஸ்ஸின் முதுகு என்று ஏழு வருடம் போட்டார்கள். கேட்கப் போனபோது கைவிரித்தார்கள். கடைக்கு வரும் வக்கீல் ஒருவர்தான் விளக்கினார்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லி, அவர் பணம் கொடுத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர். அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆகவே எத்தனை படம், எதற்கு, எத்தனை நாளுக்கு, உரிமை யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் காசு கொடுக்கவும் தயங்குவார். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டாயே, வருட வரவு 20 லட்சம் ரூபாய் தாண்டட்டும், பிறகு கவலைப்படு. நான் பாயசம் வைக்கிறேன்.

கடல் காற்றும் மலைப் பனி மாதிரிதான், லென்ஸைத் தின்றுவிடும். இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வை. பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறான். பொட்டலங்களும் வர்க்கியும் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவின் ரசீதுப் புத்தகத்தில் பாதி எழுதாமல் இருந்தது, அதையும் வைத்திருக்கிறேன். கடைப் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். ஓட்டல்காரரிடம் எவ்வளவு கேட்டாய் என்பதை முதலில் சொல், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதை நான் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா