தகுதிச் சான்று வரும்வரை

மண்டபம்,
தை கடைசி ஞாயிறு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "இன்னும் சிஓஇ வரலப்பா, பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துரட்டுமா"ன்னு கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஜப்பான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவதற்கு வேண்டிய தகுதிச் சான்றான அந்த சிஓஇ கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதே, விமான டிக்கெட் போடாதே, அறைக்குக் கொடுத்த அட்வான்ஸையும் திரும்பக் கேட்காதே.

அந்தச் சான்றை ஜப்பானிலுள்ள கம்பெனிதான் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும் என்று அந்த அலுவலகமே சொல்கிறது. உன் விண்ணப்பம் போனது நவம்பர் கடைசியில். ஏப்ரலில்தான் அங்கே பள்ளியும் கல்லூரியும் திறக்கும். அதனால் வெளிநாட்டு மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் எல்லாருடைய காகிதமும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரே மேசையில் வந்து குவியும். இரண்டரை மாதம் ஆகியும் வரவில்லை என்பதால் மறுத்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது. கம்பெனிக்கு வாரம் ஒரு மெயில் போதும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கூடுதல் ஆவணம் ஏதும் கேட்டிருக்கிறார்களா?" அப்படிக் கேட்டால் இரண்டு விஷயம் வரலாம். பன்னிரண்டு ஆண்டு ஆங்கில வழியில் படித்ததற்கு ஆதாரம் ஒன்று. விண்ணப்பத்தில் நீ எழுதிய வேலைத் தேதிகளும் அனுபவச் சான்றிலுள்ள தேதிகளும் ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று. பள்ளிக்குப் போய், பயிற்று மொழி ஆங்கிலம் என்று வகுப்புகளைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியை கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் ஒன்றை நான் இந்த வாரமே வாங்கி வைக்கிறேன். கேட்டால் அன்றைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்புச் சான்று உன்னிடம் இருக்கிறதா, புரொவிஷனல் மட்டும்தானா? புரொவிஷனல்தான் என்றால் உடனே சொல். காரைக்குடிக்கு ஒரு நடை போய் விண்ணப்பித்துவிடுகிறேன்.

இனி நாள் கணக்கு. சிஓஇ வழங்கிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் கால் வைத்தாக வேண்டும். இப்போதெல்லாம் மெயிலிலேயே வருகிறது. அந்த மெயிலை அழித்துவிடாதே, அச்சிட்டு மூன்று பிரதி வைத்துக்கொள். மறுநாளே சென்னையில் விசா விண்ணப்ப மையத்துக்குப் போய்விடலாம். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், சிஓஇ பிரதி, 45-க்கு 35 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம். ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் எடுத்துக் கொடுப்பார்கள். மில்லிமீட்டரைச் சொல்லி எடு. காகிதமெல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் பாஸ்போர்ட் திரும்பி வரும். உன் பள்ளி ஒரு மாத நோட்டீஸ் கேட்கிறது. ஆகவே பிரின்சிபாலிடம் இப்போதே வாய்வார்த்தையாகச் சொல்லி வை, கடிதத்தை மட்டும் சிஓஇ வந்த அன்று கொடு. இடைப்பட்ட நாளில் பிள்ளைகளுக்கு மாற்று ஆசிரியர் பார்க்க அவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும். உன் ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தால், சரிபார்ப்புக்கு வேண்டும் என்று எழுதிக்கொடுத்து இந்த மாதமே வாங்கிவிடு. கடைசி நாளில் போய் நின்றால் "கரெஸ்பாண்டென்ட் ஊரில் இல்லை" என்பார்கள்.

உன் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டச் சான்றில் இனிஷியலோடு இருக்கிறாய், பாஸ்போர்ட்டில் என் பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. அதனால் கேடில்லை, சிஓஇ பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வரும். ஆனால் இப்போது போய் பாஸ்போர்ட்டில் எதையும் திருத்தக் கொடுக்காதே, நம்பரும் பெயரும் மாறினால் சான்றும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது. அங்கே உன் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கட்டகானா எழுத்தில் எழுதச் சொல்வார்கள். ஒரே பெயரை நாலு விதமாக எழுத வரும். குறிலா நெடிலா என்பதில்தான் பிசகும். முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவுசெய்து வங்கி, போன், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதையே எழுது. ஒரு கோடு கூடினாலும் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும். இன்னொன்று, அங்கே குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் என் பெயர்தான் கேட்கும். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீ திரும்பாமல் இருந்துவிடாதே, தாயி.

பணம். வேலைக்குச் சேர்ந்த மாதத்துச் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். ஏப்ரலில் சேர்ந்தால் மே கடைசிவரை சொந்தக் காசில்தான் வண்டி ஓட வேண்டும். வீடு பிடிக்க முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத நன்றித் தொகை, தரகு, ஜாமீன் கம்பெனிக் கட்டணம், முதல் மாத வாடகை என்று நாலைந்து மாத வாடகை ஒரே நாளில் போகலாம். போதாததற்கு வெறும் சுவர்தான் கிடைக்கும். பல வீடுகளில் கூரை விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவும் இருக்காது. ஐந்து லட்சம் யென், நம் காசில் ஏறக்குறைய மூன்று லட்சம், கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது. கம்பெனியே வீடு பார்த்துத் தருகிறதா, முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள். ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3000 டாலர் மதிப்புவரைதான் கொண்டுபோகலாம், மிச்சம் வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் பாரெக்ஸ் கார்டில். சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் தோழியிடம் இராமநாதபுரத்து ஏஜென்ட் ஒருவர் நாலு லட்சம் கேட்டதாகச் சொன்னாய். "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். நம் கரையில் வளைகுடாவுக்குப் போய் இப்படி ஏமாந்த வீடுகள் எத்தனையோ. பதிவுபெற்ற ஏஜென்ட்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

இந்தக் காத்திருக்கும் நாட்களில் உனக்குப் பெரிய லாபம் ஜப்பானிய மொழிதான். இந்த வேலைக்குத் தேர்வுச் சான்று கட்டாயமில்லை என்பதால் அசட்டையாக இருக்காதே. முதலில் கட்டகானா எழுத்து 46, பிறகு அவர்கள் சொந்தச் சொற்களை எழுதும் ஹிரகானா 46. கடைப் பலகையிலும் மெனுவிலும் ஆங்கிலச் சொற்களெல்லாம் கட்டகானாவில்தான் இருக்கும், படித்த அன்றைக்கே பயன் தெரியும். நாளைக்கு ஐந்தைந்தாக எழுதினால் மூன்று வாரத்தில் இரண்டும் முடியும். ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ திணறுவதற்குக் காரணம், தமிழ்ப் பிள்ளை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதுதான். தமிழிலிருந்து நேராகப் போ. நம்மைப் போலவே வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கேள்விக்கு நாம் "ஆ" சேர்க்கிறோம், அவர்கள் "கா" சேர்க்கிறார்கள். "போகிறீர்களா" என்பது "இக்கிமாஸ் கா". "சாப்பிட்டுப் பார்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சுற்ற வேண்டும். அங்கே "தபேத்தே மிரு", தபேத்தே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். அந்த "தே" நம் வினையெச்சம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. "சாப்பிட்டுவிடு" என்பதில் வரும் "விடு"வுக்கு அங்கே "ஷிமாவு". அவர்களுடைய கோரே, சோரே, ஆரே, தோரே என்ற நாலையும் ஆங்கிலக்காரர் மனப்பாடம் செய்கிறார்கள். உனக்கு எதற்கு? இது, உது, அது, எது. "உது" நம் பேச்சிலிருந்து போய்விட்டது, பழைய பாட்டில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இன்றும் இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருப்பது உது. அதுதான் சோரே. அக்காவுக்கும் தங்கைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிற மொழி அது. நீ அங்கே போய் அந்நியமாக நிற்கப்போவதில்லை. எனக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை. மரியாதைச் சொற்கள் மட்டும் நம்மைவிடப் பல படி. அவற்றை அங்கே போய்க் கேட்டுப் பழகு.

பெட்டிக்கு வருகிறேன். அம்மா மிக்ஸியை எடுத்து வைத்திருக்கிறாள், வேண்டாம் என்று நீயே சொல். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி அதில் முனகும், மாவு அரையாது. பிளக்கில் இரண்டு தட்டைக் கால்தான். போன், லேப்டாப் சார்ஜரில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, கால் மாற்றும் அடாப்டர் இரண்டு போதும். குக்கர் கொண்டுபோகலாம், அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்றதாக இருக்கட்டும், மூன்று லிட்டருக்கு மேல் வேண்டாம். கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் உதிரியாக வை, அவைதான் அங்கே கிடைக்காது. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், அரிசி எதையும் வைக்காதே, தாவரத் தடுப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. வறுத்து அரைத்த குழம்புத்தூள், மல்லித்தூள், பெருங்காயம், புளி இவற்றைக் கடை முத்திரையோடு அரை கிலோ பாக்கெட்டாக வை. நெத்திலிக் கருவாடு சுமக்க வேண்டாம். அங்கேயே நெத்திலி, மத்தி வகைகளை அவித்துக் காயவைத்து "நிபோஷி" என்று விற்கிறார்கள், நம்முடையதைப் போல உப்புக் கரிக்காது. நம் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்து வரும் அகர் அகர் அங்கே "கண்டென்". நோன்பு நேரத்தில் கீழக்கரையில் செய்கிற கடப்பாசியை நீ அங்கேயே காய்ச்சலாம்.

மருந்தில் மட்டும் கவனம், இது சட்டப் பிரச்சினை. கோடீன் கலந்த இருமல் மருந்தும், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் வேண்டவே வேண்டாம், அளவைப் பொறுத்துச் சிறையே உண்டு. மற்ற மாத்திரைகள் ஒரு மாத அளவு, டாக்டர் சீட்டில் மருந்துக் கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

குளிர்த் துணி சென்னையில் வாங்கிக் காசைக் கரைக்காதே, உள்ளுக்குப் போடும் வெப்ப உடை அங்கே மலிவு, தரமும் கூடுதல். கறுப்பு அல்லது கருநீலக் கோட்டும் பேண்ட்டும் மட்டும் இங்கேயே அளவெடுத்துத் தைத்துக்கொள். பள்ளிக்குள் போட வேறு செருப்பு வேண்டும். பெண்கள் அளவில் 25 சென்டிமீட்டருக்கு மேல் அங்கே கிடைப்பது கஷ்டம், உன் பாதத்தை அளந்து பார். மூக்குத்தி போடலாமா என்று கம்பெனியிடம் முன்கூட்டிக் கேள். அங்கே போய்க் கழற்றச் சொன்னால் மனது சங்கடப்படும்.

கிராமப் பள்ளி கிடைத்தால் கார் ஓட்ட வேண்டியிருக்கும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இரு நாடும் இருப்பதால் நம் ஆர்டிஓ தரும் சர்வதேச உரிமம் அங்கே ஓராண்டு செல்லும். விசா வந்ததும் விண்ணப்பி. நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

இறங்கியதும் நரிதா, ஹனேதா போன்ற பெரிய விமான நிலையத்தில் வசிப்பு அட்டை தருவார்கள். வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்றைக்கே அந்த ஊரின் பேரிடர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்த்துவிடு. பாம்பனில் கூண்டு ஏற்றினால் நமக்கு ஒரு நாளாவது கிடைக்கும். அங்கே நிலநடுக்க எச்சரிக்கை சில விநாடிதான். கடலோர ஊரில் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காதே, மேட்டைப் பார்த்து நட. அம்மாவுக்குச் செய்தியைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக, உன் முதல் பாடம். தொடக்கப் பள்ளியில் 45 நிமிடம், நடுநிலையில் 50. மூன்றாம், நாலாம் வகுப்புக்கு ஆங்கிலம் பேச்சும் விளையாட்டுமாக. ஐந்து, ஆறுக்கு 2020 முதல் மதிப்பெண் போடும் பாடம். முதல் வகுப்பில் உன்னை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள், அதையே அடுத்தடுத்த வகுப்பில் இருபது தடவை செய்வாய். பென் டிரைவை நம்பாதே, பள்ளிக் கணினியில் போட விடமாட்டார்கள். ஏ3 தாளில் பத்துப் படம், லேமினேஷன் செய்து. ஒவ்வொன்றின் கீழும் நாலு சொல்லுக்கு மேல் இல்லாத ஆங்கில வாக்கியம், அதோடு பிள்ளைகள் கை தூக்கிப் பதில் சொல்ல ஒரு கேள்வி. பாசி எடுக்கும் பெண்கள் படம் வை, பாசி தின்கிற பிள்ளைகள் அவர்கள். பழைய பாம்பன் பாலம் 1914, புதியது 2025. இரண்டும் ஒன்றாகத் தெரிகிற படம் என்னிடம் இருக்கிறது. புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே போய் நிற்கிற படம்தான் இல்லை. அடுத்த முறை கப்பல் கடக்கும் நாளை விசாரித்து வைத்திருக்கிறேன், போய் எடுத்து ஏ3-யில் போட்டு கூரியரில் அனுப்புகிறேன். மற்ற ஏழும் என்னென்ன என்று எழுது.

அன்புடன்,
அப்பா